சுகர் கன்ட்ரோலில் இருக்கிறது, மாமனார் ஏன் எரிந்து விழுகிறார்?

கேள்வி: மாமனாருக்கு 72 வயது. பல வருஷமாக சுகருக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறார், மூட்டுவலியும் உண்டு. பௌர்ணமி தவறாமல் திருப்பரங்குன்றம் கிரிவலம் போனவர், இப்போது தெருமுனை டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். ‘நான் இருந்து என்னத்தைச் செய்யப் போறேன்’ என்கிறார். சுகர் கன்ட்ரோலில் இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். வயசானால் அப்படித்தான் என்கிறார் என் கணவர்.
– ஒரு மருமகள், திருநகர்

பதில்: உங்கள் கணவர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வயசானால் நடை தளரும், சரி. டீக்கடையே வேண்டாம் என்று ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அதற்கு வேறு காரணம் இருக்கும்.

மூட்டுவலி என்றுதான் அவர் சொல்வார். ஆனால் சுகரோ, சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வீக்கமோ இருக்கிற ஆண்கள் பலர் வீட்டோடு முடங்குவது, அவசரமாக ஒன்றுக்கு வந்துவிடுமே என்ற பயத்தில். கிரிவலக் கூட்டத்தில் எங்கே ஒதுங்குவது? இதை மருமகளிடம் சொல்லவும் மாட்டார். மகன்தான் தனியாகக் கேட்க வேண்டும். ராத்திரி நாலைந்து தடவை எழுந்தால் தூக்கம் ஏது? தூக்கம் கெட்டவர் காலையில் சிடுசிடுக்கத்தான் செய்வார்.

அப்புறம் மெட்பார்மின். பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். வருஷக்கணக்கில் அதைச் சாப்பிடுபவர்களில் சிலருக்கு பி12 வைட்டமின் குறையும். அசதி, கால் மரத்துப்போவது, மறதி, மனச்சோர்வு எல்லாம் அதனால் வரலாம். தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார். டாக்டர் கன்ட்ரோல் என்றது சுகரை மட்டும்தானே? இந்த இரண்டுக்கும் ரத்தசோகைக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். காதையும் பார்த்துவிடுங்கள். காது மந்தமானவர்கள் நாலு பேர் பேசுகிற இடத்தைத் தவிர்ப்பார்கள்.

‘இருந்து என்ன’ என்கிற பேச்சை மட்டும் ரிசல்ட் வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்தான். இல்லை என்றாலும் இந்தச் சோர்வு இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு இருந்தால் வலி இன்னும் கூடுதலாகத் தெரியும், வலி கூடினால் மனம் இன்னும் சோரும். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும். 72 வயதிலும் அது பலன் தரும்.

டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள், மருந்துக்கடையில் அவராகவே வாங்கிய வலி மாத்திரை உட்பட. அந்த மாதிரி வலி மாத்திரைகளில் பல சுகர்காரர்களின் சிறுநீரகத்துக்கு ஆகாது. முக்கியமாக, அங்கே நீங்களே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடாதீர்கள். மாமனாரைப் பேச விடுங்கள்.