பாரடைஸ் தீயில் வீடுகள் சாம்பல், மரங்கள் மட்டும் பச்சை: லேசர் ஆயுதமா?

வீடுகள் எரிந்தும் மரங்கள் பச்சையாக நிற்கும் படங்களைக் காட்டி, தீயை மூட்டியது லேசர் ஆயுதம் என்று சிலர் பரப்புகிறார்கள். அது உண்மை இல்லை. 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்த தீயின் மூலம் ஒரு இரும்புக் கொக்கி. பிஜி அண்ட் இ என்ற மின்சார நிறுவனத்தின் உயர்மின்னழுத்தக் கோபுரத்தில் மின்கம்பியைத் தாங்கி, ஏறக்குறைய 100 ஆண்டு தொங்கித் தேய்ந்த கொக்கி அறுந்தது. கம்பி கோபுரத்தில் உரசிப் பொறி பறந்தது, கீழே காய்ந்த புல் பற்றிக்கொண்டது. 85 பேர் இறந்தனர். 2020-இல் அந்நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

மரம் தப்பியது எப்படி? அங்கே பல தெருக்களில் நெருப்பு சுவராக வரவில்லை, காற்றில் கங்குகளாக வந்தது. கங்கு பச்சை இலையில் விழுந்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். இலையின் ஈரம் முதலில் ஆவியாக வேண்டுமே. அதே கங்கு கூரை விளிம்புக் குழாயில் சேர்ந்த சருகிலோ, பரணின் காற்றுத்துளை வழியாக உள்ளேயோ விழுந்தால் வீடு போச்சு. மரச்சட்டத்தில் கட்டிய வீடு, மணிக்கணக்கில் எரியும். பிறகு அதன் வெப்பமே பக்கத்து வீட்டைப் பிடிக்கும். வீட்டை ஒட்டிய மரங்கள் கருகியதைப் பரப்பப்படும் படங்களில் பாருங்கள்: வீட்டைப் பார்த்த பக்கம்தான் மோசம்.

கார் சக்கரம் உருகி ஓடியதையும் சாட்சியாகக் காட்டுகிறார்கள். அது அலுமினியம், 660 டிகிரி செல்சியஸில் உருகும், டயர் எரியும் சூடே போதும். எஃகுக்கு 1,400-ஐத் தொட வேண்டும். அதனால்தான் கார்க்கூடு அப்படியே நிற்கிறது.

கங்கு வீட்டைப் பிடிக்காமலிருக்க, காற்றுத்துளைக்கு 3 மி.மீ.க்கு மிகாத கண்ணுள்ள உலோக வலை அடிப்பதும், சுவரிலிருந்து 5 அடிக்குள் எரியும் பொருள் வைக்காததும் அங்கே தரும் அறிவுரை.