உட்கார நாற்காலி இல்லை, துணி உட்கார்ந்திருக்கிறது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டு வேலைப் புலம்பல்தான். பள்ளிக்கூடம் திறந்த மாதம் என்றால் அப்படித்தான் வரும். ஒரு கடிதத்துக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதிவிட்டேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகள் எட்டாவது, மகன் நான்காவது. மாமியாருக்கு எழுபது வயது, முட்டி வலி. பாத்திரம் தேய்க்க, பெருக்க ஒரு அம்மா வருகிறார், வாரத்தில் ஒரு நாளாவது சொல்லாமல் லீவு. காலை நாலே முக்காலுக்கு எழுந்தால் எட்டு மணிக்கு ரயிலைப் பிடிக்கும் வரை உட்காருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துணி துவைப்பது, மாவு ஆட்டுவது, வீடு துடைப்பது என்றே போய்விடுகிறது. அப்படியும் ஹால் நாற்காலியில் மடிக்காத துணி மலையாகக் கிடக்கிறது. யாராவது வந்தால் அள்ளிக் கட்டில் மேல் போடுகிறேன், இரவு படுக்கும்போது மறுபடி நாற்காலிக்கு. கணவர் நல்லவர், சொன்னால் உதவி செய்வார். என் அம்மா மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு எல்லாம் செய்தாரே, எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?
வாசகி, தாம்பரம்

பதில்: உங்கள் அம்மா எட்டு மணி ரயிலைப் பிடித்தாரா? அதை முதலில் யோசியுங்கள். பிடித்தார் என்றால் வீட்டில் இன்னொரு பெண், ஒரு பாட்டியோ சித்தியோ, அந்த நேரத்தில் அடுப்படியில் நின்றிருப்பார். நம் ஞாபகத்தில் அம்மா மட்டும்தான் இருப்பார், பாட்டி உரித்துக் கொடுத்த வெங்காயம் ஞாபகத்தில் இருக்காது.

சோம்பேறியோ என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது, அதனால் ஒரு கணக்கு சொல்கிறேன். மத்திய அரசு நடத்திய 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவழிப்பது சராசரியாக 289 நிமிடம் என்று வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆண்களுக்கு 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் சராசரிதான், கையே வைக்காதவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நீங்கள் இதற்கு மேல் ஆபீஸும் போகிறீர்கள். முடியவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரி, இனி வேலைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி, "சொன்னால் உதவி செய்வார்". எங்கள் வீட்டிலும் பல வருஷம் இதே கதைதான். கறிவேப்பிலை, தயிர், கோதுமை மாவு என்று மூன்றே மூன்று பொருள் வாங்கக் கடைக்குப் போன மனிதர் மூன்று முறை போன் செய்வார். எந்தத் தயிர், எத்தனை கிலோ, கறிவேப்பிலை வாடியிருக்கிறது பரவாயில்லையா. நடந்தது அவர் கால், ஆனால் கடைக்குப் போனது என் தலைதான். வீட்டு வேலையில் பாதி இந்தத் தலை வேலை. மாவு நாளைக்கு வருமா, சிலிண்டர் பதிவு செய்தாச்சா, தண்ணீர் கேன் காலியா, பையனுக்கு வியாழக்கிழமை வெள்ளை யூனிஃபார்மா, மாமியாரின் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது. இதெல்லாம் எந்த மூலையிலும் குவியலாகத் தெரியாது, அதனால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நமக்கே அது வேலை என்று தோன்றுவதில்லை.

ஒரு வாரம் மட்டும் இதைச் செய்து பாருங்கள். கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில், அன்றைக்குச் செய்ததை மட்டுமில்லாமல் அன்றைக்கு நினைத்துக்கொண்டதையும் எழுதுங்கள். நான் எழுதியபோது நாலாம் நாளே தாள் போதவில்லை. அந்தத் தாள்களைக் கணவர் முன்னால் வைத்துவிட்டு, சண்டை போடாமல், இதில் எதை முழுசாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேளுங்கள். முழுசாக என்பதுதான் முக்கியம். துணி அவருடையது என்றால் அழுக்குக் கூடையைப் பார்ப்பது, மெஷினில் போடுவது, சோப்புத் தூள் தீரும் முன் வாங்குவது, காயப்போடுவது, எடுப்பது, மடிப்பது, இஸ்திரிக்காரருக்குக் கொடுத்துக் கணக்குத் தீர்ப்பது வரைக்கும் அவருடையது. நீங்கள் சொல்லித்தான் நடக்க வேண்டும் என்றால் அந்த வேலை இன்னும் உங்கள் கையை விட்டுப் போகவில்லை.

முதல் இரண்டு வாரம் சொதப்பும். எங்கள் வீட்டில் ஒரு புதுச் சிவப்புத் துண்டின் தயவால் நாலு பனியன் ரோஸ் கலரானது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பனியன்களைப் போட்டுக்கொண்டு திரிந்தது அவர்தானே, அப்புறம் அவரே கலர்த் துணியைப் பிரித்துப் போட ஆரம்பித்தார். நடுவில் புகுந்து "தள்ளுங்க, நானே பண்ணிக்கறேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், வேலை மறுபடி உங்களிடம் வந்துவிடும். இதில் நம் பக்கமும் ஒரு தப்பு உண்டு, சேலையை நாம் மடிக்கிற மாதிரிதான் மடிக்க வேண்டும் என்று நிற்போம். மடித்தால் போதும், விடுங்கள்.

இப்போது அந்த நாற்காலி மலை. ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை மெஷின் போட்டால் மலை வந்தே தீரும். மெஷின் எத்தனை கிலோ துவைக்கும் என்பதை விடுங்கள், உங்கள் வீட்டுக் கொடி எத்தனை துணி தாங்கும் என்பதுதான் கணக்கு. பால்கனியில் இரண்டு கொடி என்றால் ஒரு நாளைக்கு ஒரு ஈடுதான். அதனால் வாரத்தில் நாலு நாள், ஒரு ஈடு வீதம், ராத்திரி போட்டு ராத்திரியே காயப்போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் துவைத்தது புதன் வரை ஈரமாகவே கிடந்து நாற ஆரம்பித்து, அதையே மறுபடி துவைத்த அனுபவம் எனக்கு உண்டு. ஃபேனுக்கடியில் ஒரு ஸ்டாண்ட், ஸ்டாண்டில் துணிக்குத் துணி இடைவெளி, அவ்வளவுதான் மழைக்கால வைத்தியம்.

மடிப்பதை நாற்காலிக்கு வந்த பிறகு செய்யாதீர்கள், கொடியிலிருந்து எடுக்கும்போதே மடியுங்கள். ஐந்து பேருக்கு ஐந்து பிளாஸ்டிக் கூடை, அவரவர் துணி அவரவர் கூடைக்கு, கூடையிலிருந்து அலமாரிக்குப் போவது அவரவர் பாடு. உங்கள் மகள் கூடையிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொண்டு போவாள், அலமாரிப் பக்கமே போக மாட்டாள். போகட்டும், உள்ளாடையும் சாக்ஸும் எதற்கு மடிக்க வேண்டும்? நான் மடிப்பதை விட்டுப் பல வருஷமாகிறது, வீடு இன்னும் நிற்கிறது.

பாத்திரத்துக்கு வருகிறேன். ஒரு நாள் ராத்திரி எங்கள் வீட்டுத் தொட்டியில் கிடந்த டம்ளரை எண்ணினேன், ஐந்து பேருக்கு இருபத்து மூன்று! தண்ணீர் குடிக்க ஒன்று, காபிக்கு ஒன்று, எங்கே வைத்தேன் என்று தெரியாமல் இன்னொன்று. மறுநாளே ஆளுக்கு ஒரு டம்ளர், ஒரு தட்டு மட்டும் வெளியே வைத்துவிட்டு மிச்சத்தைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். குடித்தவர் கழுவித்தான் அடுத்த தடவை குடிக்க முடியும். விருந்தாளி வந்தால் இறக்கிக்கொள்ளலாம். பாத்திரம் தேய்க்கும் அம்மா வராத நாளும் இதனால்தான் சமாளிக்க முடிகிறது. அவருக்கும் மாதம் நாலு நாள் லீவு என்று நீங்களே முன்கூட்டிப் பேசி, சம்பளம் பிடிக்காமல் வைத்துக்கொடுங்கள். சொல்லிவிட்டு எடுக்க வழி இருந்தால் சொல்லாமல் எடுப்பது குறையும், அவருக்கும் வீடு, காய்ச்சல், பிள்ளைகள் எல்லாம் இருக்கின்றன.

மாவு ஆட்டுவதில் கௌரவம் பார்க்காதீர்கள். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், எல்லாம் எனக்கும் தெரியும், ஆட்டிய மாவின் ருசியும் தெரியும். ஆனால் ஊறவைப்பது, ஆட்டுவது, கிரைண்டர் கல்லைக் கழற்றிக் கழுவுவது என்று ஞாயிறு மதியம் மொத்தமும் போகிறது. ஒரு வாரம் ஆட்டுங்கள், ஒரு வாரம் தெருமுனையில் வாங்குங்கள். மாமியார் முகம் சுளித்தால் தோசையாக ஊற்றிக் கொடுங்கள், இட்லியில் தெரிகிற வித்தியாசம் தோசையில் அவ்வளவாகத் தெரியாது.

மாமியாரிடம் எதையும் சுமத்த வேண்டாம், ஆனால் கேளுங்கள். சின்ன வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது போல உட்கார்ந்து செய்கிற வேலையைச் சிலர் ஆசையாகக் கேட்டு வாங்குவார்கள். சிலர் ஐம்பது வருஷம் செய்தாச்சு போதும் என்பார்கள், அதுவும் நியாயம். பிள்ளைகளுக்கு இந்த யோசனையெல்லாம் வேண்டாம். நான்காவது படிக்கிற பையன் சாயங்காலம் வந்ததும் டிபன் பாக்ஸைத் திறந்து தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ராத்திரி எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் நிரப்ப வேண்டும். திங்கட்கிழமை காலையில் வெள்ளிக்கிழமை தயிர்சாதம் இருக்கிற டப்பாவைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் எதற்குச் சொல்கிறேன் என்று புரியும். மகளுக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே இன்னும் நாலு வருஷத்தில் பையனுக்கும் கொடுங்கள், இவனுக்குக் குறைக்காதீர்கள்.

வாரா வாரம் வீடு முழுக்கத் துடைப்பது தேவையில்லை. சமையலறையும் ஹாலும் போதும். ஃபேன் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் பழைய தலையணை உறையை இறக்கைக்கு மாட்டி உருவினால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டில் மேல் கொட்டாது. பரணை ஆயுத பூஜை வரும்வரை ஏறிட்டுப் பார்க்காதீர்கள்.

கேள்வி: நான் வேலைக்குப் போகவில்லை. "வீட்ல சும்மாதானே இருக்க" என்று கணவர் சொல்லும்போதெல்லாம் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.
வாசகி, மதுரை

பதில்: சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு சொத்து வழக்கில் பதில் சொல்லிவிட்டது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, அதனால் அந்தச் சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். தீர்ப்பைக் கொண்டுபோய்க் காட்டினால் சண்டைதான் வரும் என்று தோன்றினால் இன்னொன்று இருக்கிறது. தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்ததே, அதற்குப் பெயர் மகளிர் உரிமைத் தொகை, உதவித் தொகை என்று வைக்கவில்லை. ஏன் அப்படி வைத்தார்கள் என்று அவரையே கேளுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஈடாகுமா இந்த வேலை என்பது வேறு பேச்சு.

கேள்வி: போர் தண்ணீர். குழாய், டைல்ஸ் எல்லாம் வெள்ளையாகப் படிந்துவிட்டது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்து ஊற்றினால் போகும் என்கிறார்கள், சரியா?
வாசகர், வேலூர்

பதில்: ஐயோ, கலந்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றைப் போட்டுச் சரியாகக் கழுவாமல் மற்றதைப் போடுவதும் கூடாது. உங்களுக்குப் படிந்திருப்பது தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து, அதற்குப் புளிப்பு போதும். வினிகரில் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், எலுமிச்சை மூடியும் வேலை செய்யும். தரை மார்பிள் என்றால் மட்டும் வினிகர், எலுமிச்சை எதுவும் ஆகாது, பளபளப்பு போய்விடும். கடைசியாகக் குளிப்பவர் குழாயை ஒரு தடவை துடைத்துவிட்டு வந்தால் படிவதே குறையும். அந்தக் கடைசி ஆள் யார் என்று உங்கள் வீட்டில் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குச் சமைப்பதும் வீடு பெருக்குவதும் பிடிக்கும். ஆனால் ஊரிலிருந்து அம்மா வந்தால் "ஆம்பள தொடப்பத்தத் தொடலாமா" என்று சத்தம் போடுகிறார். மனைவியும் சங்கடப்பட்டு, அம்மா இருக்கும்வரை நீங்கள் சும்மா இருங்கள் என்கிறார். என்ன செய்ய?
வாசகர், கோவை

பதில்: சும்மா மட்டும் இருக்காதீர்கள் தம்பி. அம்மா ஊருக்குப் போனதும் நீங்கள் பெருக்குவீர்கள், ஆனால் அம்மா இருக்கும் பத்து நாளும் இரண்டு பேர் வேலையை உங்கள் மனைவி ஒருவர்தான் செய்ய வேண்டியிருக்கும், மாமியார் முன்னால் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு. துடைப்பத்தில்தான் சத்தம் என்றால் அடுப்பில் ஆரம்பியுங்கள். காலையில் அம்மா எழுந்ததும் நீங்கள் போட்ட காபியைக் கையில் கொடுங்கள், டிகாக்ஷன் கொஞ்சம் கெட்டியாக.