சுறாவும் சட்டமும்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கிண்ணியா): ஐயா, பலநாள் படகில் போகிறேன். சுறா பிடிப்பதே தடை என்கிறார்களே?

பதில்: அப்படிச் சொல்பவர்கள் வர்த்தமானியைப் புரட்டியதில்லை, தம்பி. இலங்கையில் தடை ஐந்து இனங்களுக்குத்தான்: வால் நீண்ட சுறாக்கள் மூன்று, பெருங்கடல் வெண்செட்டைச் சுறா, புள்ளி போட்ட திமிங்கிலச் சுறா. நீள்வால் சுறாக்களுக்கு 2012இல் தடை வந்தது. மற்றவற்றைக் கரைக்குக் கொண்டுவரலாம். ஆனால் 2001ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி செட்டை உடலோடு ஒட்டியிருக்க வேண்டும்.

கேள்வி (அதே தம்பி): நீள்வால் சுறா செத்தே ஏறினால்?

பதில்: அப்போதும் வைத்திருக்க முடியாது, இறக்க முடியாது, விற்க முடியாது. வயிறு எரியும், தெரியும். ஆனால் செத்ததற்கு விலக்குக் கொடுத்தால் ஏறுவதெல்லாம் செத்துத்தான் ஏறும்! இந்தச் சுறா வாலைச் சுழற்றி அடித்து மீனை மயக்கித் தின்னும். அதனால் தூண்டில் பல வேளை வாலில் மாட்டும். பின்பக்கமாக இழுபடும்போது செவுளில் தண்ணீர் ஓடாமல் மூச்சடைத்துவிடும். உயிர் இருந்தால் மேலே ஏற்றாதீர்கள்; தண்ணீரில் வைத்தே தூண்டிலுக்குக் கிட்டத் தங்கூசி நூலை வெட்டிவிடுங்கள். ஒரு ஈற்றில் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு குட்டிகள்தான். சூரை மாதிரிப் பெருகும் இனமல்ல இது.

கேள்வி (நிலாவெளி, சுற்றுலாப் படகோட்டி): புறாத்தீவில் சுறா காட்டச் சொல்கிறார்கள். இரை போடலாமா?

பதில்: கூடாது. அது 2003 முதல் தேசிய பூங்கா. உள்ளே மீன்பிடிப்பதும் உயிர்களைத் தொந்தரவு செய்வதும் குற்றம். இரை போட்டு இழுப்பதைத் தொந்தரவு என்றே நான் சொல்வேன். அங்குள்ள கருஞ்செட்டைச் சுறா ஆளைக் கண்டால் விலகிப்போகிற பிராணி. கையில் தீன் இருக்கும் என்று அதற்குப் பழக்கிவிட்டால், நாளை வெறுங்கையோடு நீந்துகிறவரையும் நெருங்கி வரும். அமெரிக்காவின் புளோரிடாவில் சுழியோடிகள் மீன்களுக்குத் தீன் போட்டுக் காட்டுவதை 2002இலேயே நிறுத்திவிட்டார்கள். காலையில் அலை அடங்கிய வேளையில், சத்தமில்லாமல் பவளப்பாறை ஓரம் மிதக்கச் சொல்லுங்கள். தானாகவே வரும்.

கேள்வி (மூதூர்): காய்ந்த செட்டையை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

பதில்: அனுமதிப்பத்திரம் இல்லாமல் முடியாது. 2022இல் பனாமாவில் கூடிய சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கை) மாநாடு கருஞ்செட்டைச் சுறாவின் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி (உப்புவெளி): மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள். பால் சுறா வறை கொடுக்கலாமா, ஐயா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள், அம்மா. பால் சுறா அந்த ஐந்தில் இல்லை. ஆனால் சந்தையில் முழுச் சுறாவாகப் பார்த்து வாங்குங்கள். தலையும் வாலும் போன துண்டை வைத்துக்கொண்டு அது என்ன சுறா என்று கடற்றொழில் பரிசோதகரே தடுமாறுவார்.