முழு அபெர்ச்சரில் விலகும் ஃபோகஸ்

கேள்வி: என்னிடம் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமரா உள்ளது. அண்மையில் வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸில் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து முகங்களைப் படமெடுத்தால், கண்ணில் ஃபோகஸ் வைத்தாலும் கிருதா முடிதான் கூர்மையாக விழுகிறது. அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித்திறப்பை) எஃப் 5.6-க்குச் சுருக்கினால் குறை தெரிவதில்லை. பழுது எதில்? இவ்வகைக் கேமராவைப் பெரிய அபெர்ச்சர் லென்ஸ்களுடன் நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் கேமராவும் லென்ஸும் ஒன்றுக்கொன்று இசைந்திருக்க வேண்டும். எஸ்.எல்.ஆர். எனும் கண்ணாடி வைத்த கேமராவில் லென்ஸ் தரும் பிம்பத்தையே பார்த்து ஃபோகஸ் செய்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரோ, தனியான இரண்டு சாளரங்களின் வழியே வரும் பிம்பங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தித் தூரத்தை அளக்கிறது. லென்ஸ் எவ்வளவு நகர்ந்தது என்பதை, அதன் பின்பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு உருளையும் அதைத் தாங்கும் கரமும்தான் கேமராவுக்குத் தெரிவிக்கின்றன. அந்தக் கரம் மயிரிழை விலகியிருந்தாலும் வ்யூஃபைண்டரில் பிம்பங்கள் கச்சிதமாகப் பொருந்தும். ஃபிலிமில் ஃபோகஸ் தவறியிருக்கும்.

ஒரு மீட்டரில் உங்கள் லென்ஸ் முழு அபெர்ச்சரான எஃப் 1.4-இல் தரும் கூர்மையின் ஆழம், அதாவது முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் பகுதி, ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே. எஃப் 5.6-இல் அது 13 செ.மீ. அளவுக்கு விரிவதால், அதே பிழை அங்கேயும் இருந்துகொண்டே மறைந்துவிடுகிறது.

கேமராவின் அமைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரு சாளரங்களுக்கு இடையிலான தூரத்தை வ்யூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் கிடைக்கும் அளவு கூடக்கூடத் துல்லியம் கூடும். 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் இது சுமார் 62 மி.மீ.; 1984-இல் வந்த எம்6-இல் சுமார் 50 மி.மீ.; 1973-இல் வந்த சிறிய லைக்கா சி.எல்.-இல் 19 மி.மீ. அளவே. முதல் இரண்டிலும் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸைத் தயங்காமல் மாட்டுவேன். சி.எல்.-இல் முழு அபெர்ச்சரில் அருகிலிருந்து எடுக்கத் துணியமாட்டேன்.

பழுது எங்கே என்பதைச் சோதித்தே அறியுங்கள். கேமராவை டிரைபாடில் பொருத்தி, ஒரு மீட்டர் தூரத்தில் அளவுகோலைச் சாய்வாக வைத்து, அதன் நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து, முழு அபெர்ச்சரில் ஆறு படங்கள் எடுங்கள். ஒவ்வொரு முறையும் லென்ஸை முடிவிலிக்குத் திருப்பிவிட்டுப் புதிதாக ஃபோகஸ் செய்யுங்கள். பிழை முன்னும் பின்னுமாகச் சிதறினால் காரணம் கண்ணோ கையோதான். கேமராவைக் கையில் பிடித்திருக்கும்போது ஃபோகஸ் செய்தபின் உடல் இரண்டு செ.மீ. சாய்ந்தாலே போதும், கண் கூர்மையை இழந்துவிடும். ஆறிலும் பிழை பின்னால்தான் என்றால் கருவியில்தான் கோளாறு. அதே கேமராவில் வேறொரு லென்ஸையும், இதே லென்ஸை வேறொரு கேமராவிலும் சோதித்தால் எது என்பது தெரிந்துவிடும். கரத்தை நீங்களே திருகிப் பார்க்க வேண்டாம்: முடிவிலிக்கும் அண்மைக்கும் தனித்தனிச் சரிசெய்தல்கள் உண்டு, ஒன்றைத் தொட்டால் மற்றதும் விலகும். அனுபவமுள்ள பழுதுநீக்குநரிடம் கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே கொடுங்கள்.

சில லென்ஸ்களில் அபெர்ச்சரைச் சுருக்கும்போதே ஃபோகஸ் பின்னுக்கு நகரும். ஸைஸ் சி சோனார் 50 மி.மீ. எஃப் 1.5 இதற்குப் பெயர்பெற்றது, எஃப் 2.8-க்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட பிரதிகளில் முழு அபெர்ச்சரில் கூர்மை சற்று முன்னால் விழும். அது பழுதன்று, லென்ஸின் இயல்பு.

கேள்வி: டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டருக்கு மாறினால் இச்சிக்கல் தீருமா?

பதில்: தீராது. படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதால், ஃபிலிமில் கவனிக்காமல் விட்ட பிழையும் கண்ணில் படும். ஆயினும், லென்ஸ் வழியே வரும் பிம்பத்தை நேரடியாகத் திரையில் காட்டும் மாடல்களில் முழு அபெர்ச்சரில் ஃபோகஸை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.