எனாமல் பூசிய டச்சு அவன் வாங்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வீட்டில் நாங்கள் நால்வர். தினமும் சாம்பார், புளிக்குழம்பு; ஞாயிற்றுக்கிழமை மட்டன் அல்லது பிரியாணி. எனாமல் பூசிய வார்ப்பிரும்பு டச்சு அவன் (Dutch oven, கனமான மூடியுள்ள ஆழமான சட்டி) ஒன்று வாங்க ஆசை. ஒரே அளவுப் பாத்திரம் சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, அதைப்போல ஐந்தாறு மடங்கு விலையிலும் இருக்கிறது. எங்களிடம் கேஸ் அடுப்பும் ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பும் உள்ளன. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பிராண்டைக் கடைசியாகப் பாருங்கள். உங்கள் அடுப்பும் உங்கள் கையும் அந்தப் பாத்திரத்தைத் தாங்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கனமான வார்ப்பிரும்பின் மேல் கண்ணாடித் தூளை ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸில் உருக்கிப் படிய வைத்ததுதான் எனாமல். அதனால் புளி, தக்காளி, தயிர், எலுமிச்சை எதுவும் இரும்பைத் தொடாது. வெறும் இரும்புச் சட்டியில் புளிக்குழம்பை மூடி வைத்தால் கறுத்துப்போய் இரும்பு வாடை வரும், இதில் வராது. ஆனால் உணவில் இரும்புச் சத்து சேரும் என்று நினைத்து இதை வாங்காதீர்கள், சேராது. மட்டன் குழம்பு, தம் பிரியாணி, கூட்டு, பாயசம் என்று சிறு தீயில் நெடுநேரம் வேக வேண்டியவைதான் இதற்கு ஏற்றவை. குக்கர் செய்யும் வேலையை இது செய்யாது. மூடி கனமானதுதான், ஆனாலும் உள்ளே அழுத்தம் ஏறாது. துவரம்பருப்பைக் குக்கரில் வேகவைத்துக்கொண்டு சாம்பாரை இதில் கூட்டுங்கள். பெருந்தீயில் வதக்குவதற்கும் தோசைக்கும் இது ஆகாது.

நால்வருக்கு 24 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பாத்திரம் போதும். அது சுமார் 4 லிட்டர் கொள்ளும். அரை கிலோ அரிசி பிரியாணி அடங்கும். அடிக்கடி விருந்தினர் வந்தால் 26 செ.மீ. (சுமார் 5.3 லிட்டர்) எடுங்கள். ஒரு கிலோ அரிசி பிரியாணிக்கு 28 செ.மீ. வேண்டும். ஆனால் எடையையும் யோசியுங்கள். 24 செ.மீ. பாத்திரம் காலியாகவே மூடியோடு நாலு கிலோவுக்கு மேல், 26 செ.மீ. ஐந்து கிலோவைத் தாண்டும். மூன்று லிட்டர் குழம்போடு அடுப்பிலிருந்து இறக்கினால் கையில் எட்டு கிலோ. மணிக்கட்டு வலி உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது பரணுக்குத்தான் போகும். கடையில் வாங்கினால், தடித்த கைப்பிடித் துணியோடு இரண்டு பக்கப் பிடிகளுக்குள்ளும் நான்கு விரல் நுழைகிறதா என்று தூக்கிப் பாருங்கள். நீள்வட்டப் பாத்திரம் பார்க்க அழகு. பர்னர் வட்டமாக இருப்பதால் இரு ஓரமும் சூடாகாமல் நடுவில் மட்டும் அடிப்பிடிக்கும்.

கேஸ் அடுப்பில் பெரிய பர்னரில் வைத்து, தீயை மிதமாக வையுங்கள். தீ நாக்கு அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக்கூடாது. ஏறினால் பிடி சுடும், வெளி எனாமல் பழுப்பேறும். அடுப்பின் தாங்கிக் கால்கள்மேல் பாத்திரம் ஆடாமல் உட்கார்கிறதா என்றும் பாருங்கள்.

இண்டக்‌ஷனில்தான் அதிகம் கெட்டுப்போகின்றன. வார்ப்பிரும்பு இண்டக்‌ஷனில் நன்றாகச் சூடேறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒற்றை அடுப்புகளுக்குள் இருக்கும் காயில் (coil, சூடேற்றும் கம்பிச்சுருள்) பெரும்பாலும் பாத்திரத்தின் அடியைவிடச் சிறியது. காலிப் பாத்திரத்தை வைத்து 1,800 வாட்டில் போட்டால் நடு வட்டம் சில நிமிடங்களில் கடுமையாகச் சூடேறிவிடும், ஓரம் குளிர்ந்தே இருக்கும். இரும்பு ஓரிடத்தில் விரிய, மேலே உள்ள கண்ணாடி விரிய முடியாமல் மயிரிழை வெடிப்பு விழும். எண்ணெயோ தண்ணீரோ ஊற்றிய பிறகே அடுப்பைப் போடுங்கள். முதல் ஐந்து நிமிடம் குறைந்த வாட்டில் வைத்துப் பிறகு ஏற்றுங்கள். உங்கள் அடுப்பு எத்தனை கிலோ தாங்கும் என்று அதன் கையேட்டில் இருக்கும், சமைத்த உணவின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பாத்திரத்தை நகர்த்தும்போது தூக்கி வையுங்கள். இழுத்தால் அடுப்புக் கண்ணாடி கீறும்.

இப்போது பிராண்டுக்கு வருவோம். பிரான்சின் லு குருசே 1925 முதல் ஃபிரெனுவா-லெ-கிராண்ட் ஊரில் வார்க்கிறது. உள்பக்கம் வெளிர் நிறம். அதே நாட்டின் அல்சாஸ் பகுதியில் 1974-இல் தொடங்கிய ஸ்டாப், உள்ளே சொரசொரப்பான கறுப்பு எனாமல் பூசுகிறது. மூடியின் உட்புறம் சிறு முளைகள் இருக்கும், ஆவி அவற்றில் படிந்து உணவின் மேல் பரவலாகச் சொட்டும். அமெரிக்காவின் லாட்ஜ் 1896-இலிருந்து இருக்கும் வார்ப்பு நிறுவனம். அதன் விலை குறைந்த எனாமல் வரிசை சீனாவில் தயாராகிறது. இந்திய நிறுவனங்களின் பாத்திரங்களும் இப்போது நிறைய கிடைக்கின்றன. வாங்கிய வாரத்தில் எல்லாவற்றிலும் குழம்பு ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் போகப்போகத்தான் தெரியும். மலிவானவற்றில் விளிம்பிலும் மூடியோரத்திலும் பூச்சு மெலிதாக இருப்பதால் சில்லு பெயர்வது அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் தேவைக்கு நடுத்தர விலைப் பாத்திரமே போதும் என்பது எங்கள் கருத்து. "வாழ்நாள் உத்தரவாதம்" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தாலும் உள்ளே உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். தயாரிப்புக் குறைக்கு மட்டுமே அது பொருந்தும். கீழே விழுந்ததற்கும் காலியாகக் காய்ந்ததற்கும் பொருந்தாது.

கேள்வி: உள்பக்கம் வெள்ளையா, கறுப்பா?

பதில்: புதிதாகப் பழகுகிறவர் என்றால் வெளிர் நிறம். வெங்காயம் எந்த அளவு சிவந்தது, அடியில் மசாலா தீய ஆரம்பித்ததா என்பது உடனே கண்ணுக்குத் தெரியும். மஞ்சள் கறை ஏறும், அது தோற்றக் குறைதான். கறுப்பில் கறை தெரியாது, இறைச்சி நன்றாகச் சிவக்கும்; முதல் சில தடவை எண்ணெய் தடவிப் பழக்கினால் ஒட்டுவதும் குறையும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினேன். மூடியின் விளிம்பில் கறுப்பாக ஒரு வளையம், பாத்திரத்தின் உள்ளே நகக்கண் அளவு பெயர்ந்த இடம். விற்பனையாளர் "கூரியரில் ஆனது, நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்.

பதில்: இரண்டும் வேறு வேறு. விளிம்பு முழுக்கச் சீராக ஓடும் மங்கலான கறுப்பு வளையம் பழுது அல்ல. சுடும்போது தாங்கி நிற்கும் இடம் என்பதால் அங்கே நிறப்பூச்சு பூசாமல் விடுவார்கள். கழுவியதும் துடைத்து லேசாக எண்ணெய் தடவினால் போதும். உள்ளே பெயர்ந்த இடம்தான் பழுது. அங்கிருந்து கண்ணாடிச் சில்லு உணவில் கலக்கக்கூடும். அதில் சமைக்காதீர்கள்.

சமைத்துவிட்டால் மாற்றித் தரக் கேட்பதும் கடினம். பெட்டி, உள் அட்டை, பெயர்ந்த இடம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அந்த இணையதளத்திலேயே எழுத்தில் புகார் பதியுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். ஆர்டர் எண், பில், படங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: அடிப்பிடித்ததைக் கம்பி நாரால் தேய்த்ததில் பளபளப்பு போய்விட்டது. இனி பயன்படுத்தலாமா?

பதில்: பூச்சு பெயராமல் மங்கியது மட்டும் என்றால் பயன்படுத்தலாம், முன்னைவிடச் சற்று அதிகம் ஒட்டும். இனி இப்படிச் செய்யுங்கள்: பாத்திரம் தானாக ஆறட்டும். சூடாக இருக்கும்போது குழாயடியில் வைத்தால் எனாமல் வெடிக்கும். ஆறியதும் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, சிறு தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். தீய்ந்தது இளகி வரும்போது மரக் கரண்டியால் மெல்லச் சுரண்டினால் உரிந்துவிடும். பிடிவாதமானதற்கு இன்னொரு தடவை. ஸ்பாஞ்சின் மென்மையான பக்கம் போதும். சமைக்கும்போதும் மரக் கரண்டியோ சிலிகான் கரண்டியோதான். எவர்சில்வர் கரண்டியை விளிம்பில் தட்டி உதறும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஓடிஜியில் (OTG, சிறிய மின் அடுப்புப் பெட்டி) பிரெட் செய்ய இதே பாத்திரம் உதவுமா?

பதில்: உதவும், ஆனால் வாங்கும் முன் அளவு எடுங்கள். 26 செ.மீ. பாத்திரம் பிடியோடு சேர்த்துச் சுமார் 33 செ.மீ. நீளம் வரும், மூடிக் குமிழோடு உயரம் 17, 18 செ.மீ. சிறிய ஓடிஜியில் மேல் கம்பி குமிழைத் தொடும், தட்டும் இந்த எடையில் வளையும். அடுத்தது குமிழ். பிரெட்டுக்கு 230 டிகிரிக்கு மேல் தேவை. சில பிளாஸ்டிக் குமிழ்கள் 190 டிகிரி வரைதான் தாங்கும். உலோகக் குமிழ் உள்ளதாக வாங்குங்கள், அல்லது திருகாணியைக் கழற்றி மாற்றிக்கொள்ளுங்கள். காலிப் பாத்திரத்தைச் சூடேற்றலாமா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது. கையேடு கூடாது என்றால், மாவை அறை வெப்பப் பாத்திரத்திலேயே வைத்து ஓடிஜிக்குள் தள்ளுங்கள். மேலோடு கொஞ்சம் மெலிதாக வரும், பாத்திரம் பத்திரமாக இருக்கும்.