சனிக்கிழமை பழைய கடை, ஞாயிற்றுக்கிழமை மலை
வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டில் வாழும் வாசகர்கள் தங்கள் வார இறுதிகளைப் பற்றி எழுதிய கடிதங்கள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன. செகண்ட் ஹேண்ட் கடையும் மலையும் அவற்றில் திரும்பத் திரும்ப வந்ததால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வேலைக்காக வெளிநாடு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. எங்கள் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் பெரிய மலைகள் இருக்கின்றன. அதற்கென்று ஜாக்கெட், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் புதிதாக வாங்க இப்போது வசதி இல்லை. செகண்ட் ஹேண்ட் கடைகளில் வாங்கிச் சமாளிக்க முடியுமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் கடைக்குள் நுழையும் முன்பே, நீங்கள் போகவிருக்கும் இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வோர் 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. நகரத்தில் 20 டிகிரி இருக்கும் நாளில், அதைவிட 2,000 மீட்டர் உயரமான இடத்தில் ஏறத்தாழ 7 டிகிரிதான் இருக்கும். காற்றும் சேர்ந்துகொண்டால் உடம்புக்கு அதைவிடக் குளிராகத் தெரியும். இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால், அழகாக இருக்கிறதே என்று கையில் எடுத்த பருத்திச் சட்டையை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு, கம்பளி ஸ்வெட்டர்கள் தொங்கும் வரிசைக்குப் போய்விடுவீர்கள்.

கனமான ஒரு கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடக்கூடிய மூன்று மெல்லிய உடைகளே மலைக்கு ஏற்றவை: உடம்பை ஒட்டி, வியர்வையை விரைவில் உலரவிடும் ஒரு பனியன், அதன்மேல் சூட்டைக் காக்கும் கம்பளி அல்லது ஃப்ளீஸ் என்ற மென்மையான செயற்கைத் துணி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். ஏறும்போது உடம்பு சூடாகும், நின்றதும் குளிரும் என்பதால், போடுவதும் கழற்றுவதும் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். பருத்தி நனைந்துவிட்டால் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் ஓரளவு கதகதப்பாகவே இருக்கும். ஸ்வெட்டரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பூச்சி அரித்த துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிறு துளையைத் தைத்துவிடலாம். ஆனால் சூடான நீரில் துவைத்துச் சுருங்கி, அட்டைபோல் தடித்துப்போன கம்பளி பழைய நிலைக்குத் திரும்பாது, அதை வாங்காதீர்கள்.

மழை ஜாக்கெட்டை வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். வெளித்துணி எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், முதலில் அதை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள். தையல்களின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய நாடா உரிந்து தொங்குகிறதா என்று பாருங்கள். பிறகு தலைமூடியின் உள்பக்கத்தையும் கழுத்துப் பகுதியையும் விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, வெள்ளைப் பொருக்குகள் உதிர்ந்தாலோ, நீரைத் தடுக்கும் பூச்சு சிதைந்துவிட்டது என்று பொருள். அந்த ஜாக்கெட்டை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். மாறாக, வெளித்துணி தண்ணீரைக் குடிப்பது மட்டுமே குறை என்றால் தயங்காதீர்கள். நன்றாகத் துவைத்து, அதற்கென்றே விற்கும் நீர்விலக்கித் திரவத்தை இட்டு, லேபிள் அனுமதிக்கும் சூட்டில் உலர்த்தினால், மழைத்துளிகள் மறுபடி உருண்டோடும்.

அளவு எண்களை நம்ப வேண்டாம். அவை நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். போதாததற்கு, பழைய உடை துவைத்துத் துவைத்துச் சுருங்கியும் இருக்கும். உள்ளே இரண்டு உடைகளைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட்டை அணிந்து, இரு கைகளையும் மேலே தூக்கிப் பாருங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் அது உங்கள் அளவு இல்லை.

கேள்வி: பழைய பொருள் கடையில் மலையேற்ற பூட்ஸ் ஒன்று கிடைத்தது. அடிப்பகுதி சிறிதும் தேயவில்லை. கணவர் வேண்டாம் என்று பிடிவாதமாக மறுக்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் கணவர் பக்கம்தான் நான் நிற்பேன்; அதற்கு ஒரு காரணமும் உண்டு. வெளிநாட்டில் இருந்தபோது நானும் அப்படி ஒரு ஜோடியை வாங்கினேன். தோல் பளபளவென்று இருந்தது. அடிப்பகுதியின் வரிகள் வெட்டிவைத்ததுபோல் கூர்மையாக இருந்தன. உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வலது காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் ‘சப், சப்’ என்று ஓர் ஓசை கேட்டது. குனிந்து பார்த்தால், குதிகால் பக்கம் வாய் பிளந்ததுபோல் விரிந்து, உள்ளிருந்த மெத்தைப் பகுதி ஈரமான ரொட்டிபோல் உதிர்ந்துகொண்டிருந்தது. பையில் இருந்த கயிற்றால் சுற்றிக் கட்டி நடந்தேன். அரை மணி நேரத்தில் இடது பூட்ஸும் பிளந்தது. சரளைக் கற்கள் நிறைந்த சரிவில் அப்படி நடந்தபோது ஏற்பட்ட பயம் இன்னும் காலில் இருக்கிறது.

காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பல மலையேற்ற பூட்ஸ்களில் தோலுக்கும் அடிரப்பருக்கும் நடுவே பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருள் இருக்கிறது. காற்றில் உள்ள ஈரம் அதன் பிணைப்புகளை ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக அறுத்துவிடுகிறது. பெட்டியிலேயே கிடந்தாலும் இது நடக்கும். தேயாத அடிப்பகுதியைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். பல ஆண்டுகள் அலமாரியில் சும்மா கிடந்ததற்கும் அதுவே அடையாளமாக இருக்கக்கூடும். ஆகவே பக்கவாட்டில் தெரியும் நுரைப்பகுதியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்த இடம் மேலெழாமல் நொறுங்கினால், அல்லது பூட்ஸை வளைக்கும்போது மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், வாங்காதீர்கள். இந்தச் சோதனையில் தேறினாலும், மலைக்குப் போகும் முன் இரண்டு வாரமாவது அதை அணிந்து நகரத்துக்குள் நடந்து பாருங்கள்.

தலைக்கவசம், மலையேற்றக் கயிறு, அந்தக் கயிற்றோடு உடம்பைப் பிணைக்கும் இடுப்புப் பட்டை ஆகியவற்றை எந்த நிலையிலும் பழையதாக வாங்க வேண்டாம். தலைக்கவசத்துக்குள் உள்ள நுரை ஓர் அடியைத் தாங்கி நசுங்கிவிட்டால், மறு அடியைத் தாங்காது. அந்த நசுங்கல் வெளியிலிருந்து தெரியாமலும் போகலாம். கயிற்றின் கதையும் அதுதான். அது எத்தனை விழுதல்களைத் தாங்கியது என்பதை விற்பவரும் அறியமாட்டார்.

கேள்வி: உடன் வேலை செய்பவர்கள் வாராவாரம் பழைய துணிகள் விற்கும் த்ரிஃப்ட் கடைகளுக்குப் போகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் உடுத்திய துணியை உடுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. மூட்டைப்பூச்சி பயமும் இருக்கிறது.

பதில்: மனத்தடை இயல்பானது, அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம். அந்தக் கடைகள் எப்படிப் பிறந்தன என்பதை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1902ஆம் ஆண்டு எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் கிறிஸ்தவப் போதகர், வசதியான வீடுகளிலிருந்து பழைய துணிகளையும் சாமான்களையும் திரட்டி, அவற்றைப் பழுதுபார்க்கும் வேலையை ஏழைகளுக்குக் கொடுத்தார். அவர்களில் பலர் பிழைப்புக்காக வேற்று நாட்டிலிருந்து வந்தவர்கள். அதுவே பழைய பொருள் கடைகளை நடத்தும் குட்வில் அமைப்பாக வளர்ந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பு 1948இல் திறந்த கடையும், துயருற்றவர்களுக்கு உதவி திரட்டப் பிறந்ததுதான். புதிதாகக் குடிவந்த ஒருவர் அத்தகைய கடைக்குள் நுழைவதில் தாழ்வு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பூச்சிப் பயத்துக்கு வழி இருக்கிறது. வாங்கியதைப் பையில் இறுகக் கட்டிக் கொண்டுவந்து, கட்டிலிலோ சோஃபாவிலோ போடாமல், நேரே துவைக்கும் இயந்திரத்துக்குள் போடுங்கள். 60 டிகிரி நீரில் துவைத்தாலும், நன்கு சூடான உலர்த்தியில் 30 நிமிடம் சுழலவிட்டாலும் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் செத்துப்போகும். அவ்வளவு சூட்டைத் தாங்காத கம்பளியைப் பையோடு காற்றுப் புகாதபடி கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் 4 நாட்கள் வைக்கலாம். மெத்தையையும் துணி உறையிட்ட சோஃபாவையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும்: இந்தச் சனிக்கிழமை வாங்கும் ஸ்வெட்டர் நாளைய மலைக்கு அல்ல, அடுத்த வார மலைக்கு.

கேள்வி: உச்சிக்கு 6 கிலோமீட்டர் என்று வழிகாட்டிப் பலகையில் இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்று நண்பகலுக்குப் பிறகு குழந்தையுடன் கிளம்பினோம். திரும்பும்போது இருட்டிவிட்டது. எங்கே தவறினோம்?

பதில்: தூரத்தைப் பார்த்தீர்கள், ஏற்றத்தைப் பார்க்கவில்லை. ஸ்காட்லாந்து மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதை 900 மீட்டர் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தூரத்துக்கு 1 மணி 12 நிமிடமும் ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடமும் சேர்ந்து 2 மணி 42 நிமிடம் ஆகும். அதுவும் பழகிய கால்களுக்கு, ஓய்வே இல்லாமல். குழந்தையோடு போகிறவர்கள் இன்னும் பாதியைக் கூட்டிக்கொண்டால், ஏறுவதற்கு மட்டுமே 4 மணி நேரம்.

விடியற்காலையில் கிளம்பச் சொல்வதற்கு இருட்டு மட்டும் காரணம் அல்ல. கோடையில் வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து, பல மலைகளில் பிற்பகலில் இடிமழையாகத் திரும்புகிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 வினாடி என்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழுந்திருக்கிறது. 30 வினாடிக்குள் ஓசை கேட்டாலே முகட்டையும் தனி மரத்தையும் விட்டு இறங்கிவிட வேண்டும். சனிக்கிழமை இரவு வரை கடைகளில் அலைந்தவர்களால் ஞாயிறு விடியலில் எழ முடியாது. கடை திறந்ததும் போய்விட்டு மதியத்துக்குள் வீடு திரும்புங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை ரோப் காரில் 3,000 மீட்டருக்கு மேல் அழைத்துப் போகலாமா? அப்பாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு.

பதில்: முதலில் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல், ஆக்சிஜன் குறைவால் உண்டாகும் உயரநோய் வரக்கூடும். நடந்து ஏறுபவருக்கு உடம்பு பழகச் சிறிது நேரம் கிடைக்கிறது, ரோப் காரில் ஏறுபவருக்கு அதுவும் இல்லை. மருத்துவர் சம்மதித்தாலும், நடுவில் ஒரு நிலையம் இருந்தால் அங்கே இறங்கி ஒரு மணி நேரம் உட்காருங்கள். மேலே போனதும் படிகளில் விரைய விடாதீர்கள். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், படம் எடுத்துவிட்டுப் போகலாம் என்று காத்திராமல், அடுத்த வண்டியிலேயே கீழே இறங்குங்கள்.

கேள்வி: பனி மூடிய மலையில் அவ்வளவு குளிரிலும் முகம் வெயிலில் வெந்ததுபோல் ஆகிவிட்டது. எப்படி?

பதில்: தோலைச் சுடுவது புற ஊதாக் கதிர், அதற்கும் குளிருக்கும் தொடர்பில்லை. ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் அது ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. புதிய பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்திலேயே வீசும். தாடையின் அடியிலும் மூக்கின் கீழும்கூட சன்ஸ்கிரீன் தடவுங்கள். பழைய கடையில் அழகான கறுப்புக் கண்ணாடிகள் கிடைக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்ற உறுதி இல்லாத கண்ணாடியைப் பனிக்கு அணியாதீர்கள்.

கேள்வி: நான் தனியாக வசிக்கிறேன். மலைக்குத் துணை கிடைப்பதில்லை. தனியாகப் போகலாமா?

பதில்: ஆட்கள் நடமாடும், குறியிட்ட பாதை என்றால் போகலாம். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை ஒருவருக்காவது எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். திரும்பியதும் அவருக்குச் சொல்லவும் மறக்காதீர்கள். குளிரில் கைபேசியின் மின்கலம் வேகமாக இறங்கும். அதை வெளிப்பையில் வைக்காமல் சட்டைக்குள் உடம்போடு வைத்திருங்கள். அந்த நாட்டின் அவசர உதவி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஒரு விசிலும் வேண்டும். மலையில் உதவி கேட்கும் வழக்கமான அடையாளம், ஒரு நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது; கேட்டவர்கள் நிமிடத்துக்கு 3 முறை ஊதிப் பதில் சொல்வார்கள். நீங்கள் அதைத் தனியாக வாங்க வேண்டியிருக்காது. சனிக்கிழமை கடையில் முதுகுப்பைகளை எடுத்துப் பார்க்கும்போது, நெஞ்சுக்குக் குறுக்கே போடும் பட்டையின் கொக்கியைத் திருப்பிப் பாருங்கள். பல பைகளில் அந்தக் கொக்கியின் ஓரத்தில், விரல் நுனி அளவில், ஒரு சிறு விசிலையும் சேர்த்தே செய்திருப்பார்கள். வாங்கிய கையோடு அதைச் சோப்பு நீரில் கழுவி, ஒருமுறை ஊதிப் பாருங்கள்.