புல்தரையில் கோரை

கேள்வி: வீட்டு முன்னால் போட்ட கொரியன் புல்லில் நடுநடுவே கோரை முளைக்கிறது. பிடுங்கினாலும் ஒரே வாரத்தில் திரும்ப வருகிறது. உப்பு போடலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உப்பு வேண்டவே வேண்டாம், மண் கெட்டு, புல்தான் முதலில் கருகும். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தாலும் புல்லும் சேர்ந்து சாகும்.

முதலில் தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டையாக இருந்தால் கோரைதான். கையால் இழுக்கும்போது தாள் மட்டும் அறுந்து வரும். கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி துளிர்க்கும். தண்ணீர் விட்ட மறுநாள், மண் பதமாக இருக்கும்போது, செடிக்கு இரண்டு அங்குலம் தள்ளிக் களைக்கொத்தியைச் செருகி அரை அடி ஆழத்திலிருந்து நெம்புங்கள். கம்பிபோன்ற வேரில் கறுப்புக் கிழங்குகள் கோத்தமாதிரி வரும். குறுக்கே கொத்தாதீர்கள். தொடர் அறுந்தால் உறங்கிக் கிடந்த ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும்.

குழியைச் சலித்த மணலும் மட்கிய எருவும் கலந்து மூடுங்கள். எடுத்த கிழங்கை உரக்குழியில் போடாமல் மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

வாரம் ஒருமுறை விடாமல் செய்வதுதான் முக்கியம். முளைத்து மூன்று வாரமானால் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும்; அதற்குள் எடுத்தால் பழைய கிழங்கின் சேமிப்பு தீர்ந்துபோகும். சில மாதப் பொறுமை தேவை.

கோரைக்கு நிழல் ஆகாது. அதனால் புல்லை ஒட்ட வெட்டாமல், நிழல் விழும்படி ஒன்றரை அங்குலம் விடுங்கள். தினமும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். மிதித்த புல் நிமிராமல் தடம் அப்படியே இருந்தால் அதற்குத் தண்ணீர் தேவை; அப்போது மட்டும் ஆழமாகப் பாய்ச்சுங்கள்.